பைக் வாங்கினாலும் ஆபீஸ்ல சொல்லணுமா? உங்க அனுபவத்தைப் போடுங்க

நாங்க சென்ட்ரல் கவர்மென்ட் ஆளுங்க. ஜனவரி 31 நெருங்குது, எங்க செக்ஷன்ல எல்லாரும் ஐபிஆர், அதாவது வருஷா வருஷம் கொடுக்கிற சொத்துக் கணக்கு, போட ஓடிட்டு இருக்காங்க, போடலைன்னா விஜிலென்ஸ் கிளியரன்ஸ் (நம்ம மேல கேஸ் எதுவும் இல்லைங்கிற சான்று) வராது. ஆனா அந்த ஃபார்ம்ல வீடு நிலம் மட்டும்தான் கேப்பாங்க, நகை வண்டி எல்லாம் வாங்கினப்பவே தனியா சொல்லணும், இது நிறைய பேருக்குத் தெரியாது. புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் ரெண்டு லட்சத்துக்கு பைக் எடுத்தான். அவனோட பேசிக் (மாச அடிப்படைச் சம்பளம்) 56,100, ரெண்டு மாச பேசிக்கைத் தாண்டினா ஒரு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். அவன் என்னடான்னா "லோன்ல எடுத்தது சார், பேங்க் வண்டிதானே"ங்கிறான் 😄

கோவை வாசி: ஃப்ளாட் வாங்குறப்போ எனக்கு நடந்தது இது. சாதாரணமா வாங்குறதுக்கு முன்கூட்டியே ஆபீஸுக்கு இன்டிமேஷன், அதாவது தகவல், கொடுத்தா போதும். ஆனா அந்த பில்டரோட ஃபைல் என் டேபிள்லயே இருந்துச்சு, அப்படி ஆபீஸ் சம்பந்தம் இருக்கிற ஆளுன்னா முன் அனுமதியே வாங்கணும். பில்டர் "மேடம் பேர்ல போட்டுரலாமே சார்"னார். என் மனைவி சொந்தக் காசுல வாங்கினா நான் ரிப்போர்ட் பண்ண வேண்டியதில்ல, நிஜம்தான், ஆனா காசு என் அக்கவுன்ட்ல இருந்துல்ல போகுது! அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டு வேற இடம் பார்த்தோம், வீட்ல இன்னிக்கு வரைக்கும் திட்டு.

ஓய்வு பெற்றவன்: நான் ரிட்டயர் ஆனது 2018ல. அடுத்த மாசமே ஒரு கம்பெனில இருந்து கூப்பிட்டாங்க, "பர்மிஷன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், திங்கக்கிழமை வந்துருங்க". குரூப் ஏ ஆளுங்க, அதாவது மேல்மட்ட அதிகாரிங்க, ரிட்டயர் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள பிரைவேட்ல சேரணும்னா கவர்மென்ட்டைக் கேட்டுட்டுதான் சேரணும், கேக்காம சேர்ந்தா பென்ஷன்லயே கை வைக்கலாம். முன்னாடி ரெண்டு வருஷம் இருந்துச்சு, 2007ல ஒண்ணா குறைச்சாங்க. நான் எழுதிப் போட்டேன், 60 நாள்ல மறுப்பு வரலைன்னா அனுமதி கிடைச்ச மாதிரின்னு ரூல், எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஒரு லெட்டர் கூட வரல. அதுக்குள்ள அவங்க வேற ஆளைப் போட்டுட்டாங்க. வருத்தம் இல்ல. உண்மையைச் சொல்லணும்னா ஒரு வருஷமே பத்தாது, எனக்குக் கீழ இருந்த பசங்க இன்னும் அதே சீட்லதான் இருக்காங்க, நான் போன் போட்டா எழுந்து நின்னு பேசுவாங்க, அந்த போனுக்குத்தான் கம்பெனிக்காரங்க சம்பளம் தர ரெடியா இருந்தாங்க, என் அறிவுக்கு இல்ல.

கோவை வாசி: ஐயா, பப்ளிக் செக்டர் கம்பெனில சேர்ந்தாலும் கேக்கணுமா?

ஓய்வு பெற்றவன்: கவர்மென்ட் கையில இருக்கிற கம்பெனின்னா இந்த ரூல் வராது தம்பி. ஆனா சொந்தமா கன்சல்டன்சி ஆரம்பிச்சு பழைய ஆபீஸ் வேலையையே பார்க்கப் போறீங்கன்னா அதுக்கும் கேக்கணும், போர்டு மாட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.