ஆவரசுக் கையேடு: ‘பஸ் பொலினேஷன்’ தமிழில் எப்படி? (குழு இழை; எழுதுவோர் தத்தம் ஊர்ப்பெயரில்)

கோப்பாய்: பள்ளித் தோட்டத்துக்கான ஆவரசு (ஆவாரை) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நடுகைப் பகுதி சரி: விதையைக் கொதிக்கவைத்து இறக்கிய நீரில் ஓரிரவு ஊறவிடுதல், வீங்காமல் கிடக்கும் விதையின் தடித்த தோலை மட்டும் சான்ட்பேப்பரில் தேய்த்தல், பையில் 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுதல், ஆணிவேர் பையடியில் சுருள முன்னம் மாரி மழையோடு நிலத்தில் வைத்தல். வண்டுப் பகுதியில் ஒரு சொல் தடக்குகிறது: ‘பஸ் (buzz) பொலினேஷன்’, வண்டு ரீங்கரித்து அதிர நடக்கும் மகரந்தச்சேர்க்கை. ஆவரசின் மகரந்தப்பை வெடிக்காது, நுனியில் துளைதான். கருவண்டு கவ்விப்பிடித்து அதிர, பவுடர் பேணியைக் கவிழ்த்துத் தட்டினதுபோலத் தூள் கொட்டும். ‘பஸ்’ என்றே போட்டால் பிள்ளைகள் பருத்தித்துறை பஸ்ஸைத்தான் நினைப்பார்கள்.

நல்லூர்: சிறகதிர்ச் சேர்க்கை.

சாவகச்சேரி: பிழை ஐயா. அந்த நேரம் சிறகு மடிந்திருக்கும். பறப்புத் தசைதான் துடிக்கிறது; பறக்கும்போதைவிடக் கீச்சாகக் கேட்பது அதனால்தான்.

நல்லூர்: சரி, இமிர்தாதுச் சேர்க்கை. வண்டு ஒலிப்பதற்கு இமிர்தல் சங்கச் சொல். வண்டைக் குறிக்கும் ஞிமிறும் அதன் அடியாகப் பிறந்திருக்கலாம். மிஞிறு அதன் போலி. மகரந்தம் வடசொல், வேண்டாம்.

வல்வெட்டித்துறை: தாது மட்டும் எங்க பிறந்ததாம்? அதுவும் அங்கயிருந்து வந்ததுதானே. பிள்ளையளுக்குத் தாது எண்டால் இரும்புத்தாது.

நல்லூர்: ஆவரங்கால் என்ற ஊர்ப்பெயரே ஆவரசு நின்ற வாய்க்காலாக இருக்கலாம்...

கோப்பாய்: ஐயா, ஊரைப் பிறகு பார்ப்போம்.

சாவகச்சேரி: கத்தரிக்கும் இதே துளைதான், தக்காளியிலும் மகரந்தப்பைக் கூம்பின் நுனியால்தான் தூள் கொட்டும், சொல் அங்கேயும் செல்லவேண்டும். ‘அதிர்வு மகரந்தச்சேர்க்கை’ போதும். வகுப்பில் காட்டவும் வசதி: காலையில் விரிந்த பூவின் மகரந்தப்பையில், தட்டிய இசைக்கவையைத் தொட்டு, கீழே கறுப்புத் தாள் பிடிக்கலாம். மழையில் நனைந்த பூ என்றால் தூள் ஒட்டிக்கொள்ளும், விழாது. இன்னொன்று: தேனீப் பெட்டி வைத்தால் காய் பிடிக்கும் என்ற வரியை வெட்டுங்கள். ஆவரசம்பூவில் தேன் இல்லை. பெட்டித் தேனீக்கு இப்படி அதிரவும் தெரியாது, சிந்தினதைப் பொறுக்கும். கருவண்டு துளைத்துக் குடியிருக்கக் காய்ந்த கொப்பு இரண்டை வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.

நல்லூர்: காற்றிலும் பூ அதிருமே?

சாவகச்சேரி: காற்று ஆட்டும். துளையால் தூள் வர அது காணாது.

வல்வெட்டித்துறை: அதிர்வுக்கு என்ர வாக்கு. தேத்தண்ணி ஆறுது.

கோப்பாய்: அப்போ ‘அதிர்வு மகரந்தச்சேர்க்கை’. ‘இமிர்’ அடைப்புக்குறிக்குள் வரும்.

நல்லூர்: அடைப்புக்குள் அடைத்தாயிற்று. உடன்பாடில்லை என்று பதியவும். ஆவரங்காலுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.