ஏடன் வளைகுடாவில் நம்ம கடற்படை காவல் மட்டும் நிற்பது போதுமா?

அலைமகள்:
என் தம்பி டேங்கரில் வேலை பார்க்கிறான். அடுத்த பயணம் ஏடன் வளைகுடா வழியாம். ஏமனின் ஹூதிப் படை கப்பல்களைத் தாக்குவதைத் தடுக்க 2023 டிசம்பரில் அமெரிக்கா கூட்டிய கூட்டணியில் இந்தியா சேரவில்லை, ஏமன் மீது குண்டும் போடவில்லை. போர்க்கப்பல்களைக் காவலுக்கு மட்டும் அனுப்பியது. கப்பலில் இருப்பவர்களுக்கு இதனால் நிஜமாகவே பயன் உண்டா?

தேர்டு இன்ஜினியர்:
உண்டு அக்கா. 2024 பிப்ரவரியில் அந்த வழியாகப் போனவன் நான். டெக்கைச் சுற்றி ரேசர் வயர். நாங்கள் வேலைக்குப் போடும் பழைய பாய்லர் சூட் உடுப்பில் கந்தலை அடைத்து, காவலுக்கு ஆள் நிற்பதுபோல் பொம்மைகள் வைத்திருந்தோம். வாட்ச் முடிந்து, கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறைக்கு ஏறினேன். ரேடியோ சேனல் 16-இல் இந்தியப் போர்க்கப்பல் ஒன்று எங்கள் கப்பல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எல்லாரும் நலமா என்று கேட்டது. மூணு நாள் கழித்து அன்றைக்குத்தான் தூங்கினேன்.

அதற்கு முன்னால் ஜனவரி 26-இல் மார்லின் லுவாண்டா டேங்கர் மீது ஏவுகணை விழுந்தது. உள்ளே நாப்தா, சட்டென்று தீப்பற்றும் எண்ணெய். 22 இந்தியர்கள், ஒரு வங்கதேசக்காரர். ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்திலிருந்து 10 பேர் தீயணைப்புச் சாமான்களோடு ஏறி, கப்பல்காரர்களோடு சேர்ந்து ஆறு மணி நேரம் போராடினார்கள். நாப்தா கப்பல் எரியும்போது அதில் போய் ஏறுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று டேங்கர்க்காரனுக்குத் தெரியும். குண்டு போடாததைக் கோழைத்தனம் என்று பேசுவதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பழைய போசன்:
தம்பி சொல்வது சரி. ஆனாலும் அந்த அம்மாவிடம் முழுசாகச் சொல்லிவிடணும். மார்ச் 6-இல் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பல் அடிபட்டதில் 3 பேர் செத்தார்கள். ஐஎன்எஸ் கொல்கத்தா 21 பேரைக் காப்பாற்றியது, ஏவுகணை விழுந்த பிறகு. கடற்கொள்ளையர் விஷயம் வேறு. அதே மாதம் ருயென் கப்பலில் 35 கொள்ளையரைச் சரணடைய வைத்து, 17 மாலுமிகளையும் காயமில்லாமல் மீட்டார்கள். கரையிலிருந்து பாய்ந்து வரும் ஏவுகணையை, பக்கத்தில் இருந்தால்தான் தடுக்க முடியும். அவ்வளவு பெரிய கடலில் எல்லாக் கப்பலுக்கும் பக்கத்தில் நிற்க ஏது கப்பல்?

அலைமகள்:
நன்றி. போக மாட்டேன் என்று அவன் சொல்ல முடியுமா?

பழைய போசன்:
கப்பல் கம்பெனிகளும் மாலுமிச் சங்கங்களும் பேசிப் போடும் ஐபிஎஃப் ஒப்பந்தம் உள்ள கப்பலாக இருந்து, அந்தப் பகுதி போர்ப் பகுதிப் பட்டியலில் இருந்தால் மறுக்கலாம்மா. ஊருக்கு அனுப்பும் செலவும் கம்பெனியுடையது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே ஒப்பந்தத்தை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.