புதுப்பிப்பு: அந்த ‘செல்யாபின்ஸ்க்’ விண்கல் துண்டு

ரஷ்யாவில் 2013 பிப்ரவரி 15 அன்று விழுந்த செல்யாபின்ஸ்க் விண்கல்லின் துண்டு என்று ஒரு விற்பனையாளர் பெருந்தொகை கேட்டதை முன்பு எழுதியிருந்தேன். நான் கேட்ட வெட்டுமுகப் படம் இப்போது வந்துவிட்டது. உள்ளே முழுக்கத் துருப்பழுப்பு! செல்யாபின்ஸ்க் கற்களில் பல, விழுந்த சில நாட்களிலேயே பனியிலிருந்து பொறுக்கப்பட்டவை. மேலே கருந்தோல், உள்ளே பெரும்பாலும் வெளிர்சாம்பல். இவ்வளவு துரு ஏற நெடுங்காலம் வெளியில் கிடந்திருக்க வேண்டும். என் கணிப்பில் இது சகாராவில் கிடைத்த, மலிவான சாதாரணக் காண்டிரைட் (மிகப் பரவலாகக் கிடைக்கும் கல் வகை விண்கல்). அதுவும் விண்கல்தான், காந்தம் ஒட்டும், நிக்கலும் இருக்கும். அதனால் வழக்கமான சோதனைகளில் இந்த மோசடி சிக்காது. முந்தைய உரிமையாளர் விவரம் கேட்டேன், பதிலே இல்லை. சரி, பணம் அனுப்பப் போவதில்லை. உங்களுக்கும் இதே கல்லைக் காட்டினால் வெட்டுமுகத்தைக் கேளுங்கள்.