கண்ணாடிக்கு அங்கால படம் கீறின ஆக்கள்

குழு: ஆரையம்பதி வீடு

[பி.ப. 8:41] தம்பி (டொரோண்டோ): (படம்) (படம்) (படம்)

[பி.ப. 8:42] தம்பி (டொரோண்டோ): நேத்து இரவு ஒர்லாண்டோ வந்து சேந்திட்டம். இண்டைக்கு டிஸ்னிட ஹொலிவூட் ஸ்டூடியோஸ். மகள்ட காலுக்கு ஓய்வே இல்ல.

[பி.ப. 8:44] அம்மா: வெயில் எப்பிடி மனே? புள்ளைக்குத் தொப்பி போட்டாச்சா?

[பி.ப. 8:45] தம்பி (டொரோண்டோ): போட்டிரிக்கி அம்மா. நம்மட ஊர்ல கண்ணகை அம்மன் சடங்கு நேரம் அவியுமே, அந்தமாதிரி.

[பி.ப. 8:47] தம்பி (டொரோண்டோ): மாமா இரிக்கிறீங்களா? 99ல பெரியம்மா இங்க வந்து, கண்ணாடிக்கு அங்கால ஆக்கள் இருந்து கார்ட்டூன் படம் கீறுறதக் கண்டவ எண்டு சொல்லுவீங்களே. அது எவடம்? காலையில இருந்து தேடுறன். வேலை செய்யிற ரெண்டு பேரிட்டக் கேட்டன். ஒராள் பொடியன், அவருக்கு நான் என்ன கேக்கிறன் எண்டே விளங்கல்ல.

[பி.ப. 8:58] மாமா (கல்லடி): இப்பதான் கண்டன் மனே. அது இப்ப இல்ல. 2004ல மூடிட்டாங்க. நீ அங்க போற எண்டு தெரிஞ்சா முதலே சொல்லியிருப்பன், வெயிலுக்க அலைஞ்சிருக்க மாட்டாய்.

[பி.ப. 9:06] மாமா (கல்லடி): நீ இப்ப நிக்கிற பூங்கா 1989 மே மாதம் 1ந் திகதி திறந்தது. அப்ப பேர் டிஸ்னி எம்ஜிஎம் ஸ்டூடியோஸ். சும்மா விளையாட்டுப் பூங்கா எண்டு திறக்கல்ல. உள்ள உண்மையான ஸ்டூடியோ, உண்மையான ஷூட்டிங், வாறாக்கள் அதப் பாத்துப் போகலாம் எண்டுதான் திறந்தவங்க. அதில ஒரு பகுதிதான் சித்திரக்காரர்ட கட்டடம். பார்வையாளர் நடந்து போற வழியில கண்ணாடி, அங்கால மேசை மேசையா ஆக்கள். 1998ல வந்த முலான் படத்திட பெரும்பகுதி அங்கதான் கீறினது. 2002ல லிலோ அண்ட் ஸ்டிச், 2003ல பிரதர் பேர், எல்லாம் அந்த மேசைகளில பிறந்ததுதான்.

[பி.ப. 9:07] மாமா (கல்லடி): அக்கா போன நேரம் முலான் வந்து ஒரு வருசம். அவ எழுதின கடிதம் எனக்கு இன்னும் பாடம். "தம்பி, அந்த மனுசன் என்னைத் திரும்பிப் பாக்கவே இல்ல, தாள விரலுக்கிடையில புரட்டிப் புரட்டி ஒரு கையை மட்டும் அரை மணித்தியாலமாத் திருத்திக் கொண்டிருந்தார்" எண்டு எழுதியிருந்தவ. 

[பி.ப. 9:08] நான்: அந்தக் கடிதம் இருக்கா மாமா?

[பி.ப. 9:10] மாமா (கல்லடி): இல்ல புள்ள. சுனாமியோட போயிட்டு. வீட்டில என்ன மிஞ்சினது.

[பி.ப. 9:11] அம்மா: அண்ணன் அந்தக் கடிதத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் வாசிச்சவர். எனக்கு ஞாபகம் இரிக்கி.

[பி.ப. 9:19] மாமா (கல்லடி): ஓம் தங்கச்சி. ஒன்பதாம் ஆண்டு வகுப்பு. வாசிச்சதும் பொடியன்மார் நம்மளும் செய்வம் எண்டு நிண்டானுகள். பழைய ஜன்னல் கண்ணாடி ஒண்டை ரெண்டு வாங்குக்கு நடுவில வச்சு, கீழ பல்ப் கொழுவி, மேல தாள் வச்சுக் கீறினம். ஒரு கொக்கு வாவியில இருந்து எழும்பிப் பறக்கிறது. படத்தில ஒரு செக்கனுக்கு 24 சட்டம், அதான் பிரேம், ஓடும், ஒரு சித்திரத்த ரெண்டு சட்டத்துக்கு வச்சாலும் 12 வேணும். நாங்க மூண்டு கிழமையாக் கீறினது அஞ்சு செக்கன். கறண்ட் நிண்டா வேலையும் நிண்டிரும். கடைசி நாள் அறுவது தாளையும் அடுக்கிப் பிடிச்சு விரலால விட, கொக்கு பறந்திச்சு. அந்த வகுப்பு போட்ட சத்தம்!

[பி.ப. 9:21] தம்பி (டொரோண்டோ): இது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது மாமா.

[பி.ப. 9:24] அத்தான் (வெள்ளவத்தை): அப்பா, நல்ல விசயம்தான். ஆனா மூடினதுக்குக் காரணமும் இரிக்கி. கம்பியூட்டர்ல செய்யிற படங்கள் ஓடத் தொடங்கினதும் கையால கீறுறத டிஸ்னி கலிபோர்னியாவிலயே குறைச்சிட்டு. புளோரிடாவில ரெண்டாவது கூடம் எதுக்கு எண்டு முடிவெடுத்தாங்க. சுமார் 250 பேர்ட வேலை போனது.

[பி.ப. 9:31] அத்தான் (வெள்ளவத்தை): ஷூட்டிங் பக்கம் அதுக்கு முதலே ஆறிப் போச்சு. நான் இந்த வேலையில இரிக்கிறவன் எண்டபடியாச் சொல்றன். போன மாதம் 30 செக்கன் விளம்பரம் ஒண்டுக்கு விடிய 5 மணிக்குப் போய் இரவு 11க்கு வந்தன். அதில முக்கால்வாசி நேரம் லைட் மாத்துறது, காத்துக் கொண்டிருக்கிறது, திரும்ப எடுக்கிறது. காசு குடுத்து உள்ள வந்த குடும்பம் அதப் பத்து நிமிசம் பாக்காது. அவங்க ஷூட்டிங் கூடத்துக்கு மேலால நடைபாதை போட்டு, சத்தம் உள்ள போகாத கண்ணாடி வச்சுக் குடுத்தவங்க. ஆனா ஷூட்டிங் இல்லாத நாள்ல அந்தக் கண்ணாடிக்குக் கீழ வெறும் இருட்டுக் கூடம்.

[பி.ப. 9:33] அத்தான் (வெள்ளவத்தை): நடிகர், கமராக்காரர், எடிட்டர் எல்லாரும் கலிபோர்னியாவில குடியிருக்கிறாங்க. ஒவ்வொரு படத்துக்கும் அவங்களப் பிளேன்ல கொண்டு வந்து தங்க வைக்கிற செலவு வேற. மற்ற மாநிலங்கள் வரிச் சலுகை குடுத்து இழுக்க, புளோரிடா 2016ல தன்ட சலுகையை விட்டிட்டு.

[பி.ப. 9:36] தம்பி (டொரோண்டோ): அப்ப பெரியம்மா ட்ராம்ல ஏறிச் சுத்திப் பாத்தது?

[பி.ப. 9:42] அத்தான் (வெள்ளவத்தை): அது 2014 செப்டம்பர்ல நிண்டிட்டு. தொடக்கத்தில நடையும் ட்ராமும் சேத்து ரெண்டு மணித்தியாலம் போற பயணம். முன் சுவர் மட்டும் கட்டின வீடுகள் ஒரு தெருவா நிண்டது, டிவி நாடகத்துக்கு எடுக்கிறது. அந்தத் தெருவ இடிச்சுத்தான் கார் சாகசக் காட்சி போட்டாங்க. வருசம் போகப் போகப் பயணம் குறுகிக் குறுகி, கடைசியில செயற்கை வெள்ளமும் நெருப்பும்தான் மிச்சம். படம் எடுக்கிற இடத்தக் காட்டின பயணம், படம் எடுக்கிறமாதிரிச் செஞ்சு காட்டுற பயணமாப் போயிட்டு. நீ இப்ப நிக்கிற டோய் ஸ்டோரி லேண்ட் 2018ல வந்தது, ஸ்டார் வோர்ஸ் பகுதி 2019ல. ரெண்டும் அந்தப் பின்பக்கக் காணியிலதான்.

[பி.ப. 9:43] தம்பி (டொரோண்டோ): பேர்ல மட்டும் இன்னும் ஸ்டூடியோ கிடக்கு.

[பி.ப. 9:44] மாமா (கல்லடி): அதத்தான் மனே நான் சொல்லாமல் இருந்தன்.

[பி.ப. 9:47] நான்: நாளைக்கு யுனிவர்சல் போறீங்களா தம்பி? அங்க நிக்கலோடியன் ஸ்டூடியோ இருந்ததே, புள்ளையளுக்குப் பச்சைக் கூழ் ஊத்துற நிகழ்ச்சி எடுத்த இடம்.

[பி.ப. 9:49] அத்தான் (வெள்ளவத்தை): அதுவும் 2005ல மூடினது மச்சாள். 1990 ஜூன்ல பூங்காவோட சேந்து திறந்தது, பதினஞ்சு வருசம் ஓடிச்சு. மறுகா நிகழ்ச்சியெல்லாம் கலிபோர்னியாவுக்குப் போயிட்டு.

[பி.ப. 9:55] நான்: நாங்க ஹைதராபாத் போன நேரம் ராமோஜி பிலிம் சிற்றி பாத்தம். 1996ல இருந்து நடக்குது, 1600 ஏக்கருக்கு மேல. பஸ்ஸில ஏத்திக் கொண்டு போய் பாகுபலி செட் காட்டினாங்க. கிட்டப் போய்த் தட்டிப் பாத்தா கல் எல்லாம் பொய்க்கல். ஷூட்டிங் ஒண்டும் காட்டல்ல. ஆனா ஒரு பாதையால போகவேணாம், உள்ள படம் எடுக்கிறாங்க எண்டு மறிச்சாங்க. என்ட மனசுக்கு அண்டைக்குப் பிடிச்சது அந்தத் தடைதான். அங்கால யாரோ வேலை செய்யிறாங்க எண்டு இருந்திச்சு.

[பி.ப. 9:57] மாமா (கல்லடி): சரியாச் சொன்னாய் புள்ள.

[பி.ப. 10:04] அத்தான் (வெள்ளவத்தை): இந்த இழுபறி நூறு வருசப் பழசு அப்பா. 1915ல யுனிவர்சல் கம்பனிக்காரர் கார்ல் லெம்லி கலிபோர்னியாவில யுனிவர்சல் சிற்றி திறந்த நேரமே 25 சதம் வாங்கிக் கொண்டு ஆக்களை உள்ள விட்டவர். அப்ப ஊமைப்படம். பாக்க வந்தவங்க கை தட்டலாம், கத்தலாம், கமராவுக்கு ஒண்டும் இல்ல. பேசும் படம் வந்ததும் இருமல் சத்தமே கூடாது எண்டு போயிட்டு, எல்லாரையும் வெளிய விட்டாங்க. திரும்ப ட்ராம்ல ஏத்திக் காட்டத் தொடங்கினது 1964ல. அங்க இண்டைக்கும் ஷூட்டிங்கும் நடக்குது, ட்ராமும் ஓடுது. ஏனெண்டா அது முதல்ல ஸ்டூடியோ, பிறகுதான் பூங்கா. புளோரிடாவில பூங்காவுக்காகக் கட்டின ஸ்டூடியோ.

[பி.ப. 10:15] மாமா (கல்லடி): நீ சொல்ற கணக்கு எல்லாம் சரி மகன். காசு போட்டவன் அந்தக் கணக்குத்தான் பாப்பான், அவன் சந்தோசமா மூடினான் எண்டும் நான் சொல்லல்ல. ஆனா பத்து நிமிசம் ஆரும் பாக்கமாட்டாங்க எண்டத மட்டும் நான் ஏற்கமாட்டன். நம்மட ஊர்ல கூத்துப் பழகுற களரிக்கு எத்தனை கிழவி, எத்தனை புள்ளையள் இரவிரவா வந்து இருந்தாங்க. அரங்கேற்றம் ஒரு இரவு, பழக்கம் மாசக்கணக்கு. கூத்துப் பழக்குற அண்ணாவியார் ஒரே தாளத்தப் பத்துத்தரம் சொல்லுவார், பொடியன் பத்துத்தரமும் பிழைப்பான், பதினொராம்தரம் கால் சரியா விழும். அந்தப் பதினொராம்தரத்துக்குத்தான் எங்கட அம்மா பாயும் கொண்டு போய்க் காத்திருந்தவ. அக்கா அந்தக் கண்ணாடிக்கு முன்னால அரை மணித்தியாலம் நிண்டது எனக்குப் புதினமா இருக்கல்ல. அவ அம்மாட மகள்.

[பி.ப. 10:17] அம்மா: அக்காவ நினைக்க வைச்சிட்டீங்க அண்ணன்.

[பி.ப. 10:22] மாமா (கல்லடி): பெரியவங்க ஒரு வேலையில பிழைக்கிறதயும் திருத்துறதயும் ஒரு புள்ள கண்ணால பாக்கிறதுக்கு எவ்வளவு இடம் இரிக்கி இப்ப? முடிஞ்ச சாமான் எங்கயும் கிடைக்கும். செய்யிற கைதான் கிடைக்காது. அதுதான் எனக்குக் கவலை. பூங்காவில ஏறி விளையாடுற ரைட் கூடாது எண்டு நான் சொல்லல்ல, மகள் நல்லா விளையாடட்டும்.

[பி.ப. 10:24] அத்தான் (வெள்ளவத்தை): விளங்குது அப்பா.

[பி.ப. 10:40] தம்பி (டொரோண்டோ): (குரல் பதிவு 0:52)

[பி.ப. 10:41] நான்: நெற் மெதுவா இரிக்கி, திறக்குதில்ல. எழுதுங்க தம்பி.

[பி.ப. 10:46] தம்பி (டொரோண்டோ): மகள்தான் கதைச்சவள். மாமாட கொக்குக் கதையச் சொன்னன். ரைட் வரிசையில நிண்டுகொண்டே கேட்டவள். கீறுற ஆக்கள் எங்க போனாங்க எண்டு மூண்டுதரம் கேட்டிட்டாள். மாமா, நீங்க இப்ப என்ன வேலை வச்சிருக்கிறீங்க? பெயிண்ட் பண்றீங்களா எண்டு கேக்கிறாள்.

[பி.ப. 10:50] மாமா (கல்லடி): ஊர்க் கூத்துக்குத் தலையில வைக்கிற முடி ரெண்டு கட்டிக் கொண்டிரிக்கன். ஒண்டு ராசாவுக்கு. கண்ணாடித் துண்டு ஒட்டுறது இன்னும் முடியல்ல. கூத்துக்காரர் உடுக்கிற கரப்புடுப்பும் திருத்தக் கிடக்கு.

[பி.ப. 10:53] தம்பி (டொரோண்டோ): அத வீடியோ கோல்ல பாக்கலாமா எண்டு கேக்கிறாள். நீங்க கதைக்க வேணாமாம், முகமும் காட்ட வேணாமாம். போனை மேசையில சாத்தி வச்சா அவளுக்குக் கை தெரிஞ்சாப் போதுமாம்.

[பி.ப. 10:54] அம்மா: என்ட செல்லம்.

[பி.ப. 10:58] மாமா (கல்லடி): நான் பின்னேரம் ஏழு மணிக்குத்தான் மேசையில இருப்பன். உங்களுக்கு அது எத்தனை மணி மனே?

[பி.ப. 10:59] தம்பி (டொரோண்டோ): காலையில ஒன்பதரை. யுனிவர்சலுக்குப் பிந்திப் போவம்.

[பி.ப. 11:03] மாமா (கல்லடி): அப்ப கண்ணாடி ஒட்டுறத நாளைக்கே வைப்பம். அத இண்டைக்குத் தொடமாட்டன். புள்ள, நீ வெள்ளன வந்து இந்தப் போனை எப்பிடிச் சாத்துற எண்டு காட்டித் தா.

[பி.ப. 11:04] நான்: ஆறு மணிக்கு வாறன் மாமா.