மூன்று ஒரே இலக்கம் தொடராத 0-1 கட்டங்கள்: 3×3-க்கு 216 வருகிறது, எங்கே பிசகு?

கேள்வி:
n×n கட்டம், அறைக்கு 0 அல்லது 1. எந்த வரிசையிலும் நெடுவரிசையிலும் ஒரே இலக்கம் அடுத்தடுத்து மூன்று வரக்கூடாது. சரியான வரிசைகளை பிட்மாஸ்க்காக (வரிசையின் 0-1களை பிட்டுகளாகக் கொண்ட ஒரே எண்ணாக) எடுத்து, கடைசி வரிசையை மட்டும் ஸ்டேட்டாக (அடுத்த படிக்கு நினைவில் வைக்கும் தகவலாக) வைத்து டிபி (டைனமிக் புரோகிராமிங், வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு போகும் முறை) எழுதினேன். 3×3-க்கு 216 வருகிறது. 512 கட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் 102தான்.

பதில் 1:
216 என்பது 6³. நெடுவரிசை விதி ஓரிடத்திலும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மூன்று நீள வடிவத்தைத் தடுக்க முந்தைய இரண்டு வரிசைகளும் தெரிய வேண்டும். ஸ்டேட் (அ, ஆ) என்ற ஜோடி. அடுத்த வரிசை இ-க்கு இரண்டு சோதனை: அ & ஆ & இ = 0 (எந்த நெடுவரிசையிலும் மூன்றும் 1 இல்லை); அ | ஆ | இ = 2ⁿ−1 (எந்த நெடுவரிசையிலும் மூன்றும் 0 இல்லை). இரண்டாவதை நாட் (NOT, பிட்டுகளைத் தலைகீழாக்குவது) போட்டு எழுதினால் n-க்கு மேலுள்ள பிட்டுகளும் 1 ஆகிவிடும், ஒரு கட்டமும் தேறாது. மாஸ்க் போட்டு கீழ் n பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

n=8-க்கு சரியான வரிசைகள் 68, ஜோடிகள் 4624. விடை 68⁸-ஐத் தாண்டாது, 64 பிட்டில் அடங்கும். n=10-க்கு 178 வரிசைகள்; அங்கே பெரிய எண் வகைக்கு மாறிவிடுவது நல்லது.

பதில் 2:
102-ஐக் கையாலேயே சரிபார்க்கலாம். அ எதுவானாலும், ஆ அதே வரிசை என்றால் இ-க்கு 1 வழி. ஓரிடத்தில் மட்டும் மாறும் ஆ இரண்டு, தலா 2 வழி. ஈரிடத்தில் மாறுபவை இரண்டு, தலா 3. முழுக்கத் தலைகீழ் என்றால் 6. ஆக 1+4+6+6 = 17; 6×17 = 102.

கேட்டவர்:
102 வந்துவிட்டது, நன்றி. பினைரோ (கட்டத்தில் 0, 1 நிரப்பும் புதிர்) போல ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் 0-வும் 1-உம் சரிபாதி இருக்க வேண்டும் என்றால்?

பதில் 1:
ஸ்டேட்டில் நெடுவரிசைவாரியாக 1-களின் எண்ணிக்கையும் சேரும், பருத்துவிடும். சின்ன n-க்கு அது வீண் வேலை. 6×6-க்கு சரிபாதி வரிசைகள் 14தான்; 14⁶ = 75,29,536, நேரடி லூப்பே போதும். 4×4-க்கு 90 வர வேண்டும். இரண்டு வரிசையோ நெடுவரிசையோ ஒன்றுபோல் இருக்கக்கூடாது என்ற விதியையும் சேர்த்தால் 18 கழியும், மிச்சம் 72.