டொயோட்டா 86: பொத்தானை அமுக்கியும் விஎஸ்சி அணையவில்லை, உதவி தேவை

செங்கதிர்86 எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டின் டொயோட்டா 86, கையால் கியர் மாற்றும் வகை. இயந்திரத்தில் கை வைக்கவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரைச் சற்றுத் தாழ்த்தினேன். அதே பட்டறையில் சக்கர அலைன்மென்ட்டும் செய்து கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு முறை மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டினேன். இரண்டு முறையும் எரிச்சலோடுதான் வீடு திரும்பினேன்.

14ஆவது வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால், கார் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் சுணங்குகிறது. மீட்டர் பலகையில் வழுக்கல் விளக்கு சிமிட்டுகிறது. டயர் வழுக்கியதாக எனக்கு எந்த உணர்வும் இல்லை. கியருக்குப் பக்கத்திலுள்ள பொத்தானை அமுக்கி, ‘டிஆர்சி ஆஃப்’ விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் தடத்தில் இறங்கினேன். அப்படியும் அதே கதைதான்.

கார் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் இந்த நிலைப்புக் கட்டுப்பாட்டை, அதாவது விஎஸ்சி-யை, ஒரேயடியாக அணைக்க வழி உண்டா? பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்-இன் ஃபியூஸைப் பிடுங்கிவிடு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

மழைத்தடம் எழுதியது:

ஃபியூஸ் பக்கம் போகாதீர்கள். நீங்கள் அணைத்தது பாதியைத்தான்.

அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டு எடுத்தால் டிஆர்சி, அதாவது பின்சக்கரங்கள் வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் பகுதி மட்டுமே அணையும். வேகம் கூடியதும் அதுவும் தானாகவே திரும்பி வந்துவிடும். சேற்றில் மாட்டிய காரை வெளியே எடுப்பதற்கான வசதி அது. விஎஸ்சி-யும் சேர்ந்து அணைய வேண்டுமானால், கார் நிற்கும்போது பொத்தானை மூன்று நொடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு விளக்குகளும் எரியும். இப்படி அணைத்தால் வேகம் கூடினாலும் திரும்பி வராது. இயந்திரத்தை அணைத்துக் கிளப்பினால் மட்டும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பக்கத்திலேயே ‘விஎஸ்சி ஸ்போர்ட்’ என்று இன்னொரு பொத்தான் இருக்கிறதே, அதை முயன்றீர்களா? கட்டுப்பாடு இருக்கும், ஆனால் தாமதமாக வரும். முதல் சில தட நாட்களுக்கு எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நேர்கோடு எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்? என் பழைய காரில் ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டுத்தான் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. 86-க்கு மிதி நடனம் என்று ஒன்றும் உண்டு. பிரேக்கையும் கைப்பிரேக்கையும் ஒரு வரிசையில் இயக்கினால் எல்லாமே அணைந்துவிடும்.

பழைய பெட்டி எழுதியது:

நேர்கோடு தம்பி, உங்களுக்கு ஒன்றும் ஆகாதது உங்கள் அதிர்ஷ்டம். ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்தால் ஏபிஎஸ் மட்டும் போவதில்லை. முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வேலையையும் அதே பெட்டிதான் செய்கிறது. அது போய்விட்டால், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் எடை முழுவதும் முன்னுக்குச் சாயும் நேரத்தில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளலாம். பின்சக்கரம் பூட்டினால் கார் நேராக நிற்காது. சிப்பாங்கில் 15ஆவது வளைவுக்கு எந்த வேகத்தில் வருவோம் என்று நினைத்துப் பாருங்கள்.

மிதி நடனம் உண்மைதான், நானும் செய்திருக்கிறேன். மூன்று நொடி அமுக்கி விஎஸ்சி-யை அணைத்த பிறகும் ஒரு வேலை பின்னணியில் நடந்துகொண்டிருக்கும். உள்பக்கப் பின்சக்கரம் தனியாகச் சுழன்றால் அதன் பிரேக்கைப் பிடித்து அடக்கும் வேலை அது. நடனம் அதையும் நிறுத்தும். 86-இல் இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டார்சன் வகை டிஃபரென்ஷியல் இருப்பதால் சமாளிக்கலாம். ஆனால் அந்த வரிசையை இங்கே எழுதப் போவதில்லை. செங்கதிரின் காருக்கு இப்போது தேவை அது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

செங்கதிர், நீங்கள் சொன்னதில் ஒன்று உறுத்துகிறது. டயர் வழுக்காமலே குறுக்கிடுகிறது என்கிறீர்கள். 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர். காய்ந்த தடத்தில், மூன்றாம் கியரில், அந்த இயந்திரத்தால் நல்ல டயரை அவ்வளவு சுலபமாக உதற முடியாது. எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். வலது வளைவில் மட்டுமா, இடதிலுமா? நேர்ச் சாலையில் போகும்போது ஸ்டீரிங் நேராக இருக்கிறதா? நான்கு சக்கரங்களின் பிரேக் பேட்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா? டயர்களை எப்போது, எத்தனை மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புதிய டயரும் இருந்தால் சக்கர வேகக் கணக்கே மாறிவிடும்.

செங்கதிர்86 எழுதியது:

நன்றி ஐயா. நான்கு டயர்களும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு.

வலதா இடதா என்று இதுவரை யோசிக்கவில்லை. நினைத்துப் பார்த்தால் 4ஆவது, 8ஆவது, 14ஆவது வளைவுகள். எல்லாமே வலது. ஆனால் சிப்பாங்கில் பதினைந்தில் பத்து வலது வளைவுதானே, அதனால் அப்படித் தோன்றுகிறதோ?

ஸ்டீரிங் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அலைன்மென்ட் முடிந்து காரை எடுத்தபோதே கேட்டேன், சாலைச் சரிவால் அப்படித் தெரியும் என்றார்கள். இன்று காலை சக்கரத்தைக் கழற்றிப் பேட்களை அளந்தேன். வலது முன் 8 மில்லிமீட்டர், இடது முன் 6. இரண்டும் ஒன்றாகப் போட்டவைதான்.

பழைய பெட்டி எழுதியது:

சாலைச் சரிவு என்றார்களா? நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், சாலை ஓரத்தை நோக்கிச் சரிகிறது. கார் இடப்பக்கம் இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்க ஸ்டீரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடிக்க வேண்டியிருக்கும். உங்களுடையது எதிர்ப்பக்கம் சாய்கிறது. அந்தப் பதில் வாய்க்கு வந்த பதில்.

விஎஸ்சி எப்படி முடிவெடுக்கிறது என்று சொல்கிறேன். காருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரிங் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது, கார் என்ன வேகத்தில் போகிறது, இந்த இரண்டையும் வைத்து, கார் நொடிக்கு இவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒரு பத்தியில் எழுதுகிறார். காரின் நடுவிலுள்ள உணரி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து சொல்வதை அடுத்த பத்தியில் எழுதுகிறார். எழுதியதைவிடக் கார் அதிகம் திரும்பினால், பின்புறம் வெளியே வீசுகிறது என்று முடிவு கட்டி, வெளிப்பக்க முன்சக்கரத்தின் பிரேக்கைப் பிடிப்பார். குறைவாகத் திரும்பினால், முன்புறம் நழுவுகிறது என்று உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிப்பார். இரண்டிலும் இயந்திரத்தின் விசையைக் குறைப்பார்.

இப்போது உங்கள் கார். நேராகப் போகும்போதே ஸ்டீரிங் உணரி ‘இடது’ என்று சொல்கிறது. நீங்கள் வலப்பக்கம் 60 பாகை திருப்பும்போது அதற்குத் தெரிவது 54 என்று வையுங்கள். 54-க்கான கணக்கை எழுதிவிட்டுப் பார்த்தால், கார் அதைவிட அதிகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. உடனே, பின்புறம் வீசுகிறது என்று பதறி இடது முன்சக்கரத்தைப் பிடிக்கிறார். உங்கள் இடது முன் பேட் ஏன் மெலிந்தது என்று தெரிகிறதா? வலஞ்சுழியாக ஓடும் தடத்தில் இடது முன் டயர் அதிகம் தேய்வது இயல்பு. பேட் அப்படித் தேய வேண்டியதில்லை.

ஆறு பாகை அற்பம் என்று நினைக்காதீர்கள். இந்தக் காரில் ஸ்டீரிங் விகிதம் 13-க்கு 1. ஆக, சக்கரத்தில் அரைப் பாகை. கார் நிறுத்துமிடத்தில் அது ஒன்றுமில்லை. 130 கிலோமீட்டர் வேகத்தில் அதே அரைப் பாகைக்குக் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் பெரிய மதிப்பு. அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது உங்களுக்குத் தெரியவில்லை. சிறு பிசகை இந்த அமைப்பு தானாகவே கற்றுச் சரிசெய்துகொள்ளும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

செய்ய வேண்டியது: முதலில் பேட்களை அழுத்தும் இடது முன் காலிப்பர் இறுகியிருக்கிறதா என்று கையால் நகர்த்திப் பாருங்கள், அதுவும் ஒரு பக்கப் பேட்டைத் தின்னும். அடுத்து வேறு பட்டறைக்குப் போங்கள். ஸ்டீரிங்கைப் பூட்டுக் கருவியால் நேராக நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் இரு பக்க டை ராடுகளையும் சரிசமமாகத் திருகி அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டீரிங் வட்டத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உணரி இருப்பது தண்டில். வட்டம் பார்வைக்கு நேராகிவிடும், பொய் அப்படியே இருக்கும். கடைசியில் கணினிக் கருவியைச் செருகி, சமதரையில், கார் அசையாமல் நிற்கும்போது உணரிகளின் பூஜ்ஜியப் புள்ளியைப் பதிவுசெய்ய வேண்டும்.

தீவுக்காரன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், சுபாரு பிஆர்இசட் வைத்திருக்கிறேன். எனக்கும் இதேதானா?

மழைத்தடம் எழுதியது:

ஆம், உடன்பிறப்புகள்தானே. பொத்தானின் பெயர் மட்டும் வேறு.

நேர்கோடு எழுதியது:

ஃபியூஸ் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. காரை வாங்கியவன் நான், ஒருமுறை அணைத்தால் அணைந்தே இருக்க வேண்டியதுதானே? ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் எதற்கு அது திரும்ப வருகிறது?

மழைத்தடம் எழுதியது:

சட்டம். அமெரிக்காவின் 126ஆம் எண் பாதுகாப்பு விதியே அப்படித்தான் சொல்கிறது. அணைக்கும் பொத்தான் வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் கட்டுப்பாடு முழுமையாகத் திரும்ப வேண்டும், அணைத்திருப்பதைக் காட்டும் விளக்கும் எரிய வேண்டும். 1995இல் மெர்சிடிஸும் போஷும் இதை முதலில் கொண்டுவந்தபோது விலையுயர்ந்த எஸ் வகுப்பு கார்களுக்கான ஆடம்பரம். 1997இல் சுவீடனில் ஒரு பத்திரிகை நடத்திய திடீர் விலகல் சோதனையில் சின்ன ஏ வகுப்பு கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தக் காரில் இதை எல்லோருக்கும் கட்டாயமாகவே பொருத்திக் கொடுத்தார்கள். நேற்று நீங்கள் அணைத்ததை இன்று மழையில் உங்கள் மனைவி ஓட்டும்போது யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

செங்கதிர்86 எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

காலிப்பரில் குறையில்லை. புதிய பட்டறையில் கருவியைச் செருகிவிட்டுச் சமதரையில் நேராக உருட்டியபோது, ஸ்டீரிங் கோணம் இடது 7 பாகை என்று திரையில் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய பட்டறையில் டோ அளவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, ஒரு பக்கம் மட்டுமே திருகிச் சரிசெய்திருக்கிறார்கள். இரு பக்கமும் சமன் செய்து, பூஜ்ஜியம் பதிந்து, முன் பேட்களையும் மாற்றினோம்.

சனிக்கிழமை சிப்பாங் போனேன். முதல் இரண்டு ஓட்ட நேரங்களையும் விஎஸ்சி ஸ்போர்ட்டில் ஓட்டினேன். 14ஆவது வளைவில் விளக்கு இரண்டே முறை சிமிட்டியது, இரண்டும் நான் அவசரப்பட்டு மிதித்தவை. இந்தக் கட்டுப்பாட்டோடு ஓட்டுவது இப்படித்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன்.

ஆனாலும் ஆசை விடவில்லை. மதிய மழைக்கு முன் கடைசி ஓட்ட நேரத்தில், பாதையோரம் நிறுத்தி மூன்று நொடி அமுக்கினேன். நான்காவது சுற்றில், ஏற்றத்தில் இருக்கிறதே 9ஆவது வளைவு, அந்த இடது கொண்டை ஊசி வளைவில் கார் அமைதியாகப் பின்னோக்கித் திரும்பி நின்றது. யார் மேலும் மோதவில்லை.

பழைய பெட்டி எழுதியது:

கார் பத்திரமாக இருக்கிறதே, நல்லது. சுழலத் தொடங்கியதும் பிரேக்கையும் கிளட்ச்சையும் சேர்த்து மிதித்தீர்களா?

செங்கதிர்86 எழுதியது:

பிரேக்கை மட்டும். இயந்திரம் நின்றுவிட்டது. பதற்றத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். ஆஃப் விளக்குகள் இரண்டும் மறைந்திருந்தன. பொத்தானைப் பார்த்தேன், அமுக்கவில்லை.