மொட்டை மாடி ஆன்டெனா மாஸ்ட் (கம்பம்): ஐப்பசிக்கு முன் ஸ்டே (இழுத்துக் கட்டும் கயிறு) மாற்றணுமா?

கடலோரன்:
திருவான்மியூர், கடற்கரைக்கு அருகே. ஹாம் ரேடியோவுக்காக மொட்டை மாடியில் 40 அடி உயரம், 2 இஞ்ச் ஜிஐ பைப். உச்சியில் ரோட்டேட்டர் (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார்), 3 எலிமென்ட் யாகி ஆன்டெனா (காற்று படும் பரப்பு 5 சதுர அடி). 38 அடி உயரத்தில் ஸ்டேயாக மூன்று நைலான் கயிறு, கைப்பிடிச் சுவர்க் கொக்கிகளில். பைப்பிலிருந்து கொக்கி 10 அடிதான். வர்தா புயல் மாதிரி ஒன்று வந்தால் நிற்குமா?

ஸ்டேவயர்:
நிற்காது ஓஎம் (ஹாம் நண்பரே). ஐஎஸ் 875 (காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி) சென்னைக்குச் சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அதில் உங்கள் யாகி மேல் மட்டும் சுமார் 70 கிலோ தள்ளும். பைப் மேல் படுவது தனி. பைப்பிலிருந்து 10 அடி தள்ளிக் கட்டினால் ஒரு ஸ்டேயில் 275 கிலோ இழுவை, பைப்பைக் கீழே அழுத்துவதும் ஏறக்குறைய அவ்வளவே. நடுவில் பிடிப்பில்லாத பைப் அங்கேயே மடங்கும். 30 அடி தள்ளிக் கட்டினால் இழுவை 113 கிலோதான். நைலான் வேண்டவே வேண்டாம், நீளும்.

பழைய_பைப்:
அதைவிட அந்தக் கொக்கி! நாலரை இஞ்ச் செங்கல் சுவரை ஸ்டே பிடுங்கி எடுத்துவிடும். பில்லர் அல்லது பீமில் துளை போட்டு ஆங்கர் போல்ட் வையுங்கள்.

கடலோரன்:
மாடியில் 30 அடிக்கு இடமில்லையே. யாகியைக் காற்றுத் திசைக்குத் திருப்பி வைத்தால்?

ஸ்டேவயர்:
புயலின் நடுப்பகுதி கடந்ததும் காற்று எதிர்த்திசையில் அடிக்கும், அதை நம்பாதீர்கள். இடமில்லை என்றால் உயரத்தைக் குறையுங்கள். 20 அடி பைப், 18 அடியில் ஸ்டே என்றால் அதே 10 அடிக்கு 144 கிலோ. 4 மி.மீ. ஜிஐ ரோப் போடுங்கள், ஒவ்வொரு முனையிலும் திம்பிள் (ரோப் மடிப்புக்குள் வைக்கும் உலோக வளையம்), மூன்று புல்டாக் கிளாம்ப் (ரோப்பைக் கவ்வும் யூ வடிவப் பிடி). கிளாம்பின் யூ வளைவு, ரோப்பின் வெட்டி மடக்கிய சிறு முனை மேல்தான் உட்காரணும். சுமை தாங்கும் ரோப் மேல் உட்கார்ந்தால் இழைகளை நசுக்கிவிடும். இதைத்தான் பலரும் தலைகீழாகப் போடுகிறார்கள். ரோப் இழுபட்ட பிறகு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

பழைய_பைப்:
டர்ன் பக்கிளின் (ஸ்டேயை முறுக்கி இறுக்கும் திருகு) இரு கண்களிலும் உடல் வழியாகவும் ஒரு கம்பி கோத்துக் கட்டுங்கள், இல்லையேல் அதிர்வில் தானே கழலும். ஸ்டே நடுவில் முட்டை இன்சுலேட்டர் (மின்சாரம் தடுக்கும் பீங்கான்) போட்டால் இரு பக்க ரோப் கண்ணிகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கணும். பீங்கான் உடைந்தாலும் ஸ்டே அறாது. பைப் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கா? உப்புக் காற்றில் உள்ளிருந்துதான் துரு பிடிக்கும்.

புயல் எச்சரிக்கை வந்ததும் கோஆக்ஸ் கேபிளைக் (ஆன்டெனா ஒயர்) கழற்றிவிட்டு யாகியை இறக்கிவிடுங்கள். காற்று தொடங்கின பிறகு மாடிக்கே போகாதீர்கள். 73 (ஹாம் வழக்கில் வாழ்த்துகள்).